மருத்துவ ஆய்வுகளில் காணாமல் போகும் நோயாளிகள்

நோன்பு நெருங்கும் ஒவ்வொரு வருடமும் எமது வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வகைச் செய்தி சுற்றத் தொடங்கும். ‘நோன்பு நீரிழிவைக் குணப்படுத்துகிறது, ஆய்வில் நிரூபணம்’ என்று ஒன்று வரும். இரண்டு நாள் கழித்து, ‘நீரிழிவு நோயாளி நோன்பு பிடித்தால் ஆபத்து ஏழு மடங்கு, ஆய்வில் நிரூபணம்’ என்று இன்னொன்று வரும். இரண்டையும் ஒரே சகோதரர் ஒரே குழுமத்துக்கு அனுப்பியதையும் கண்டிருக்கிறேன். இடையிடையே கருஞ்சீரகம், ஹிஜாமா, வெந்தயம் என்று வேறு ‘ஆய்வுகள்’ வரும். செய்தியைப் படிப்பவர் அதை நம்பி மாத்திரையைக் குறைக்கிறார், அல்லது பயந்து பிடிக்கக்கூடிய நோன்பையும் விட்டுவிடுகிறார். எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் இப்படியொரு செய்தியை நம்பி மூன்று வாரம் மாத்திரையை நிறுத்தியிருந்தார். கால் விரலில் ஆறாத புண்ணோடுதான் மீண்டும் கிளினிக்குக்குப் போனார்.

மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிபரப் பகுதியைப் பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். வைத்தியபீட மாணவர்கள், தாதியர் பட்டப்படிப்பில் இருப்பவர்கள், சில நேரம் அனுபவமுள்ள வைத்தியர்கள் என்று பலரும் தமது வரைவுகளைத் தருவார்கள். கணக்குப் பிழைகள் அவற்றில் குறைவு. கணினி மென்பொருள் கூட்டலையும் வகுத்தலையும் சரியாகவே செய்துவிடும். பிழைகள் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்: யாரை எண்ணுவது, யாரை விடுவது, யாரோடு ஒப்பிடுவது என்ற இடங்களில். ஆகவே இதை எழுதும்போது எமது சமூகத்தில் ஆய்வு செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர்களையும், ஆய்வுச் செய்திகளை நம்பி மாத்திரையில் கை வைக்கும் பெரியவர்களையும் சேர்த்தே மனதில் வைத்திருக்கிறேன்.

முதலில் உலகமே அறிந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். 2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கியிருந்த நேரம், பிரான்ஸின் மார்செய் நகரில் பேராசிரியர் திதியே ராவுலின் குழுவினர் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற மருந்து பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மலேரியாவுக்கும் சில மூட்டு நோய்களுக்கும் காலங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்து அது. மருந்து எடுத்தவர்களில் 70 வீதமானோரின் மூக்கில் ஆறாம் நாளில் வைரஸ் இல்லை, எடுக்காதவர்களில் 12.5 வீதமானோருக்கு மட்டுமே இல்லை என்பது அதன் முடிவு. கட்டுரை வெளிவந்த மறுநாளே அமெரிக்க ஜனாதிபதி அந்த மருந்தைப் புகழ்ந்து ட்விட்டரில் எழுதினார். பல நாடுகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. வழமையாக அதை எடுக்கும் லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள்.

இப்போது எண்களுக்குள் போவோம். மருந்து எடுத்தவர்கள் என்று கணக்கில் வந்தவர்கள் 20 பேர், எடுக்காதவர்கள் 16 பேர். 20 பேரில் 14 பேர் என்பதுதான் அந்த 70 வீதம். ஆனால் மருந்து கொடுக்கத் தொடங்கியது 26 பேருக்கு. மீதி 6 பேர் எங்கே? கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒருவர் இறந்து போனார். ஒருவர் குமட்டல் தாங்காமல் மருந்தை நிறுத்தினார். ஒருவர் வைத்தியசாலையை விட்டுப் போய்விட்டார். இந்த ஆறு பேரும் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மருந்து எடுக்காத பக்கத்தில் யாரும் இறந்ததாகவோ தீவிர சிகிச்சைக்குப் போனதாகவோ பதிவு இல்லை.

ஒரு டியூசன் ஆசிரியர் 26 பிள்ளைகளைச் சேர்த்து, பாடம் விளங்காமல் இடையில் நின்ற ஆறு பேரை விட்டுவிட்டு, ‘என் வகுப்பில் 20 பேரில் 14 பேர் சித்தி’ என்று பதாகை அடித்தால் நாம் என்ன சொல்வோம்? நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். மருத்துவ ஆய்விலும் முதற் கேள்வி அதுதான். சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவரும், இடையில் நிறுத்தினாலும், இறந்தாலும், அவர் எந்தக் குழுவில் சேர்க்கப்பட்டாரோ அந்தக் குழுவின் கணக்கிலேயே கடைசி வரை இருக்க வேண்டும்.

இரண்டாவது கோளாறு அளவிட்ட பொருளில் இருந்தது. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் தெரிகிறதா என்பதைத்தான் பார்த்தார்கள். ஆள் சுகமானாரா என்பதை அல்ல. இறந்துபோன அந்த ஒருவருக்கு முந்திய நாள் எடுத்த பரிசோதனையில் வைரஸ் இல்லை என்றே வந்திருந்தது. அந்த அளவுகோலின்படி பார்த்தால் அவர் ‘குணமானவர்’! மூன்றாவது, ஒப்பிட்ட ஆட்கள். மருந்து எடுக்காத குழுவில் வேறு வைத்தியசாலைகளில் இருந்தவர்களும், மருந்தை மறுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஆட்கள் இல்லாதபோது வித்தியாசம் மருந்தால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. கட்டுரை சஞ்சிகைக்கு அனுப்பப்பட்ட மறுநாளே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதையும், எழுதியவர்களில் ஒருவர் அந்தச் சஞ்சிகையின் பிரதம ஆசிரியர் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

இதற்கான மறுமொழி சில மாதங்களிலேயே பிரித்தானியாவிலிருந்து வந்தது. ‘ரிகவரி’ என்ற பெயரில் நடந்த ஆய்வில் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட நோயாளிகள் எழுமாறாகப் பிரிக்கப்பட்டார்கள். அதாவது யாருக்கு மருந்து, யாருக்கு வழமையான சிகிச்சை மட்டும் என்பதை வைத்தியரோ நோயாளியோ தீர்மானிக்கவில்லை; குலுக்கல் போலக் கணினி தீர்மானித்தது. மருந்து கொடுக்கப்பட்ட 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27 வீதம். வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 வீதம். மருந்தால் நன்மை இல்லை. மார்செய் கட்டுரை 2024 டிசம்பரில்தான் சஞ்சிகையிலிருந்து மீளப் பெறப்பட்டது. நான்கரை வருடத்துக்கும் மேல் அது ‘வெளிவந்த ஆய்வு’ என்ற தகுதியோடு உலாவியது.

இனி நோன்புக்கு வருவோம். எமது பகுதிகளில் மாணவர்கள் அதிகம் விரும்பும் தலைப்பு இது. வரைவு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: நோன்புக்கு முன் 40 பேரின் எடை, சீனி, கொழுப்பு எல்லாம் அளக்கப்படும், நோன்பின் கடைசிப் பத்தில் மீண்டும் அளக்கப்படும், சராசரி குறைந்திருந்தால் ‘நோன்பு நன்மை தருகிறது’ என்று முடிவு எழுதப்படும். எழுதுபவரின் நிய்யத் நல்லது. எனக்கும் அந்த முடிவு பிடித்தமானதுதான். ஆனால் பிடித்தமான முடிவைத்தான் இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, முன்பு காலை எட்டு மணிக்கு, இரவு உண்டு பத்து மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தீர்கள். நோன்பில் அஸருக்குப் பிறகு, ஸஹர் முடிந்து பதினொரு மணி நேரம் கழித்து, பகல் முழுவதும் தண்ணீர் இல்லாத உடம்பில் எடுத்தீர்கள். இரண்டும் ஒரே அளவீடு அல்ல. இரண்டாவது, அந்த மாதத்தில் மாறுவது சாப்பாட்டு நேரம் மட்டுமா? தூக்கம் மாறுகிறது, மாத்திரையின் அளவும் நேரமும் மாறுகின்றன, சிகரெட் குறைகிறது, இப்தாரில் பொரித்த பண்டங்கள் கூடுகின்றன. மூன்றாவது, 40 பேரில் ஐந்து பேர் இரண்டாம் முறை வரவில்லை என்று ஒரு வரி இருக்கும். ஏன் வரவில்லை? சீனி இறங்கி மயங்கி விழுந்து நோன்பை விட்டவர்கள் அவர்களாக இருந்தால், மிஞ்சிய 35 பேரின் அழகான சராசரி யாருக்குப் பயன்?

இன்னொரு பொறி கண்ணுக்கு எளிதில் படாது. சீனி 200க்கு மேல் உள்ளவர்களை மட்டும் தெரிந்தெடுத்து ஆய்வில் சேர்க்கிறோம் என்று வையுங்கள். சீனி ஒரே இடத்தில் நிற்பதில்லை. இன்று ஏறும், நாளை இறங்கும். உச்சியில் இருந்த நாளில் ஆட்களைப் பிடித்ததால், அடுத்த தடவை அளக்கும்போது ஒன்றும் கொடுக்காமலே சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த இடைவெளியில் கருஞ்சீரகம் கொடுத்திருந்தால் புகழ் கருஞ்சீரகத்துக்குப் போகும், வெந்நீர் கொடுத்திருந்தால் வெந்நீருக்குப் போகும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கொடுத்த கசாயம் எப்போதும் ‘வேலை செய்வதற்கு’ இதுவே காரணம். இதைக் கண்டுகொள்ள ஒரே வழி, அதே அளவு சீனி உள்ள இன்னொரு குழுவுக்கு அந்தப் பொருளைக் கொடுக்காமல் அளந்து ஒப்பிடுவதுதான்.

கருஞ்சீரகத்தைச் சொன்னதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஹதீஸின் மீதான எமது நம்பிக்கை எந்தச் சஞ்சிகையிலும் தங்கியிருக்கவில்லை. ஆனால் ஒருவர் அதை ‘விஞ்ஞான ஆய்வு’ என்ற பெயரில், இத்தனை கிராம், இத்தனை நாள், இந்த நோய் என்று போத்தலில் அடைத்து விற்க வந்தால், ஆய்வின் அளவுகோலால்தான் அதை அளக்க முடியும். ஹதீஸின் கண்ணியத்தைப் பலவீனமான ஆய்வுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்துவதை நான் விரும்புவதில்லை.

சரி, அந்த ‘ஏழு மடங்கு ஆபத்து’ எங்கிருந்து வந்தது? அது இட்டுக்கட்டிய எண் அல்ல. 13 நாடுகளில், இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மலேசியா, சவூதி அரேபியா உட்பட, 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட எபிடியார் என்ற பெரிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 வீதமானோர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். அந்த வகையினரிடையே சீனி கடுமையாக இறங்கும் சம்பவங்கள் மற்ற மாதங்களில் 100 பேருக்கு மாதம் 0.4 ஆக இருந்தன. ரமழானில் 100 பேருக்கு 3 ஆகின. 0.4 எங்கே, 3 எங்கே. கணக்குப்படி ஏழரை மடங்கு. முதலாம் வகையினரிடையே அது 100 பேருக்கு 3இலிருந்து 14 ஆக உயர்ந்தது.

‘ஏழரை மடங்கு’ என்று மட்டும் சொன்னால் எல்லோரும் நடுங்குவார்கள். ‘100 பேருக்கு 3 சம்பவங்கள்தானே’ என்று மட்டும் சொன்னால் எல்லோரும் அலட்சியமாக இருப்பார்கள். இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் இரண்டையும் எழுத வேண்டும். செய்தியைப் படிப்பவர் ‘எதிலிருந்து எதற்கு?’ என்று கேட்க வேண்டும். மருந்து விளம்பரங்களும் இதே வித்தையைத்தான் செய்கின்றன: நன்மையை மடங்கில் சொல்லும், பக்கவிளைவை நூறில் சொல்லும். முதலாம் வகையினருக்குக் கூடியது ஐந்து மடங்குக்கும் குறைவு என்பதையும் கவனியுங்கள். மடங்கு குறைவாக இருந்தும் சம்பவங்கள் 100 பேருக்கு 14. மடங்கை மட்டும் பார்த்தவர் இவர்களைப் பாதுகாப்பானவர்கள் என்று நினைத்துவிடுவார்.

இந்த ஆய்வுக்கும் ஒரு வரையறை உண்டு. நடந்து முடிந்தவற்றை நோயாளிகளிடம் பின்னர் கேட்டுத் திரட்டிய தகவல் அது. நோன்பில் மயங்கியது நினைவில் நிற்கும். சாதாரண மாதத்தில் மயங்கியது மறந்து போகலாம். உயிரோடு இல்லாதவரிடம் கேள்வி கேட்கவும் முடியாது. ஆய்வைத் தூக்கி எறிவதற்காக இதைச் சொல்லவில்லை. நோன்பும் நீரிழிவும் பற்றிய பேச்சுக்கு இன்றும் அது ஒரு முக்கிய ஆதாரம்.

அடுத்தது, வரைவுகளில் நான் மிக அதிகமாகச் சிவப்புக் கோடு போடும் இடம். 20 விடயங்களை அளப்பார்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் பி பெறுமானம் 0.05க்குக் கீழே வரும். தலைப்பு அந்த ஒன்றைப் பற்றியே இருக்கும், மற்றப் பத்தொன்பதும் அட்டவணையின் மூலையில் கிடக்கும். 0.05 என்பதன் பொருள், உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்திலும் தற்செயலாக இருபதுக்கு ஒரு தடவை ‘வித்தியாசம்’ தென்படும் என்பதே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 விடயங்களைச் சோதித்தால், குறைந்தது ஒரு பொய் வித்தியாசமாவது கிடைக்கும் வாய்ப்பு 64 வீதம். வலையை இருபது தடவை வீசிவிட்டு, மீன் விழுந்த வீச்சை மட்டும் படம் எடுத்துப் போடுவது போன்றது இது.

இதை நையாண்டியாகவே காட்டிய ஓர் ஆய்வு உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு அஸ்பிரின் உயிர் காக்கிறது என்று நிறுவிய ஐசிஸ் இரண்டு என்ற ஆய்வு 1988இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. 17,187 நோயாளிகள். ஐந்து வாரங்களில் இதய, இரத்த நாள நோய்களால் இறந்தவர்கள் அஸ்பிரின் பெற்றவர்களில் 9.4 வீதம், பெறாதவர்களில் 11.8 வீதம். வயது, பால் என்று சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்தும் முடிவைக் காட்டும்படி சஞ்சிகை கேட்டது. ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்தார்கள்! மிதுன ராசிக்காரருக்கும் துலாம் ராசிக்காரருக்கும் அஸ்பிரின் சற்றுத் தீங்கு செய்வது போலவும், மற்ற ராசிகளுக்கு நன்மை செய்வது போலவும் விடை வந்தது. ராசி பார்ப்பதை நாம் மார்க்க ரீதியாகவே ஒதுக்கியவர்கள். ஆனால் ‘45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் இந்த மருந்து வேலை செய்கிறது’ என்று ஒரு சிறு ஆய்வு சொல்லும்போது யோசிக்காமல் தலையாட்டுகிறோம். முன்கூட்டியே தீர்மானிக்காமல், விடை வந்த பிறகு தேடிப் பிடித்த பிரிவாக இருந்தால் அதுவும் ராசி பலன்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஒரு மருந்துக் குழுவில் 20 பேரில் 4 பேர் இறக்கிறார்கள், மற்றக் குழுவில் 20 பேரில் 2 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பி பெறுமானம் 0.05க்கு மேலேதான் வரும். உடனே ‘இரண்டு சிகிச்சைக்கும் வித்தியாசமில்லை’ என்று எழுதிவிடுவார்கள். இறப்பு இரட்டிப்பாகியிருக்கிறது, ஆனால் 40 பேரை வைத்து அது உண்மையா தற்செயலா என்று சொல்ல முடியாது. ‘வித்தியாசம் காணப்படவில்லை’ என்பது வேறு, ‘வித்தியாசம் இல்லை’ என்பது வேறு. அதே போல 30 பேருக்குக் கொடுத்த மருந்தில் ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்றால், பக்கவிளைவே இல்லை என்று பொருளல்ல. உண்மையான அளவு பத்துப் பேருக்கு ஒருவர் வரைகூட இருக்கலாம். மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை ஏறத்தாழ வந்துவிடும். கையிலேயே போடக்கூடிய கணக்கு.

இந்தத் தர்க்கப் பிழையின் விலையை எமது சமூகத்தைப் போல அறிந்தவர்கள் குறைவு. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் இறந்தவர்களின் உடல்கள் எரிக்கப்பட வேண்டும் என்ற விதி இலங்கையில் வந்தது. அடக்கவும் எரிக்கவும் இடமளித்திருந்தது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். நிலத்தடி நீர் மாசடையும் என்ற அச்சம் இங்கு காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கான அளவீடு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. ‘ஆபத்து இல்லை என்று நிரூபிக்கப்படவில்லை’ என்பதே ‘ஆபத்து இருக்கிறது’ என்பதற்குச் சமமாக வாசிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் எரிந்தன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்தக் குடும்பங்களுக்கு அது எந்தளவு ஆறுதல் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதே பிழையை நாமும் செய்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ‘இந்த எண்ணெயில் தீங்கு இருப்பதாக எந்த ஆய்வும் இல்லையே’ என்று சொல்லி விற்பவரும், அதை நம்பி வாங்கும் நாமும், அளக்காத ஒன்றை அளந்து பார்த்து இல்லையென்று கண்டதாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஆய்வு செய்யும் இளைஞர்களுக்குச் சில சிறு விடயங்கள். ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்திருந்தால் அவை சோடிகள்; இரண்டு வேறு கூட்டங்கள் போலக் கணக்குப் போடாதீர்கள். நியம விலகல் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக அந்த இடத்தில் நியம வழுவைப் போட்டு அட்டவணையை அழகாக்காதீர்கள். முன்னது ஆட்கள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதைச் சொல்கிறது, பின்னது உங்கள் சராசரி எவ்வளவு நம்பகமானது என்பதைச் சொல்கிறது. வைத்தியசாலையில் தங்கிய நாட்கள் போன்றவற்றில் இரண்டு பேர் 60 நாள் கிடந்தால் சராசரியே இழுபட்டுவிடும். அங்கு இடையத்தைக் கொடுங்கள். எத்தனை பேர் வேண்டும், எதை முதன்மையாக அளப்பது என்பதைத் தகவல் சேர்க்க முன்பே எழுதி வையுங்கள். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்க்க முன்பே பதிவு செய்யுங்கள். அதற்கென்றே இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2006 முதல் இயங்கி வருகிறது. புள்ளிவிபரம் தெரிந்தவரிடம் தகவல் எல்லாம் சேர்த்து முடிந்த பிறகு வந்தால், எங்கே தவறியது என்று அவர் காட்டுவாரே தவிர, போகாத வீட்டுக்கு அவரால் போய் அளந்து வர முடியாது.

நோன்பு பிடிக்க விரும்பும் நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் வழிகாட்டல், ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் காணச் சொல்கிறது. வயது, சிறுநீரகத்தின் நிலை, இன்சுலின் எடுக்கிறீர்களா, முன்னர் சீனி இறங்கி மயங்கியிருக்கிறீர்களா என்பவற்றை வைத்து உங்கள் ஆபத்தை அவர் தனியாகக் கணக்கிடுவார். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். நோன்போடு இருக்கும்போது சீனி 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டலில் உண்டு. விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. ஆகவே அளக்கும் கருவி வீட்டில் இருந்தால் லுஹருக்குப் பிறகு ஒரு தடவையும், அஸருக்குப் பிறகு ஒரு தடவையும் பாருங்கள். எண்ணைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.